காஞ்சி டு கோடியக்கரை... டென்ட்டோட கிளம்பலாமா?

'கடலோரமா பைக்ல போய், டென்ட் அடிச்சுத் தூங்கணும் மச்சி!' - ஏனாத்தூரில் படிக்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கனவு இருக்கும். தறிச் சத்தமும் கோயில் மணியும் கேட்கிற ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவர்களுக்கு மாமல்லபுரம்தான் துறைமுகம். நம்ம பாலாறும் கல்பாக்கத்துக்குத் தெற்கே போய்த்தான் கடல்ல சேருது. ஸோ, ரூட் பழசுதான்!

பகல் முழுக்க வண்டி ஓட்டுறது ஈஸி பாஸ். ராத்திரி எங்கே படுக்கிறோம், கடல்ல எங்கே கால் வைக்கிறோம் - இந்த ரெண்டையும் வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுக் கிளம்பணும். காரணம், இதுல தப்பு நடந்தா அரியர் மாதிரி திரும்ப எழுத முடியாது.

எப்போ போகலாம்?

செமஸ்டர் முடிஞ்சதும் டிசம்பர் லீவுலயே கிளம்பத் தோணும். வேண்டாம்! 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. 'கஜா' வேதாரண்யம் பக்கம் வந்தது 2018 நவம்பர் 16. 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே, 2024 நவம்பர் 30. மூணுமே நம்ம ரூட்டுதான்! பொங்கல் முடிஞ்சதிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் பெஸ்ட். மழை ஓய்ஞ்சிருக்கும், வெயிலும் மிரட்டாது.

அஞ்சு நாள், நாலு ராத்திரி

முதல் நாள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, கடப்பாக்கம். சுமார் 120 கி.மீ. பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. இங்கே டென்ட். கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பக்கம் மட்டும் டென்ட், ட்ரோன் எதுவும் கூடாது.

ரெண்டாம் நாள்: மரக்காணம் உப்பளம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம். இதுவும் சுமார் 120 கி.மீ. ராத்திரி லாட்ஜ்.

மூணாம் நாள்: காலையில் பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டில் படகு சவாரி. மதியம் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை இன்னும் கடலைப் பார்த்துட்டு நிக்குது. ரெண்டாவது டென்ட் இந்தப் பக்கம்.

நாலாம் நாள்: நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளின ஊர். பக்கத்தில் கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான், பூநாரை பார்க்கலாம். ஆனா வனத்துறை அனுமதி இல்லாம அங்கே தங்கக் கூடாது. ஸோ, வேதாரண்யத்தில் ரூம்.

அஞ்சாம் நாள் திருவாரூர், கும்பகோணம் வழியா ரிட்டர்ன். மொத்தம் கிட்டத்தட்ட 700 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிற வண்டின்னா ஒரு பைக்குக்கு 16 லிட்டர் பெட்ரோல். பட்ஜெட்டை இங்கிருந்து ஆரம்பிங்க!

டென்ட் அடிக்கும் முன்னாடி...

நமக்கு பீச், மீனவர்களுக்கு அது வேலை செய்ற இடம். விடியறதுக்கு முன்னாடியே படகு இறங்கும். அதன் வழியில் நீங்க தூங்கிட்டிருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. இருட்டுறதுக்கு முன்னாடியே போய், 'அண்ணே, இங்கே ஒரு ராத்திரி தங்கலாமா? தண்ணி எதுவரைக்கும் ஏறும்?'னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேளுங்க. காய்ஞ்ச பாசியும் குப்பையும் வரிசையா ஒதுங்கிக் கிடக்கிற கோடுதான் கடல் கடைசியா வந்து போன இடம். அதுக்கும் நல்லா மேலே அடிங்க. பௌர்ணமி, அமாவாசைன்னா அலை இன்னும் மேலே ஏறும். கடலோர போலீஸ் விசாரிச்சா காட்ட காலேஜ் ஐ.டி. கார்டு கையில் இருக்கட்டும்.

தென்னைக்குக் கீழே டென்ட் வேண்டாம். தேங்காய்க்கு நீங்க யாருன்னு தெரியாது! சவுக்குத் தோப்பு பெரும்பாலும் யாருக்காவது சொந்தமா இருக்கும். காய்ஞ்ச சருகும் சட்டுனு பத்திக்கும். மணலில் முளைக்குச்சி நிக்காது. பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டிப் புதைச்சிடுங்க.

கேம்ப் ஃபயர்? ஸாரி! ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் நேரம். குஞ்சுகள் வெளிச்சம் தெரியிற பக்கமா நடக்கும். உங்க நெருப்பையும் ஹெட்லைட்டையும் பார்த்து, கடலை விட்டுட்டு ரோட்டுக்கு வந்து செத்துப்போகும். சென்னையில் உங்க வயசுப் பசங்க 1980-களின் இறுதியிலிருந்து ராத்திரி ராத்திரியா நடந்து இந்த முட்டைகளைக் காப்பாத்திட்டு வர்றாங்க. நாம ஒரு ராத்திரி இருட்டில் இருந்தா குறைஞ்சா போயிடுவோம்?

அமைதியான தண்ணியை நம்பாதீங்க!

இதுதான் முக்கியமான மேட்டர். ரெண்டு பக்கமும் அலை உடையும். நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியா இருக்கும். 'சேஃப்டா!'ன்னு அங்கேதான் இறங்குவாங்க. கரையில் சேர்ந்த தண்ணி கடலுக்குத் திரும்புற வாய்க்கால் அது. அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தொடும். ஒலிம்பிக் வீரராலேயே எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கிட்டா கரையை நோக்கிப் போராடாதீங்க. மிதந்துக்கிட்டே, கரைக்கு இணையா பக்கவாட்டில் நகருங்க; இழுப்பு விட்டதும் கரைக்கு வாங்க. ஃப்ரெண்ட் மாட்டினா ஹீரோ மாதிரி குதிக்காதீங்க. மூடின காலி வாட்டர் கேன், கயிறு, எது கிடைச்சாலும் வீசுங்க. கத்தி மீனவர்களைக் கூப்பிடுங்க. 112, கடலோரக் காவலுக்கு 1093 - ரெண்டும் எல்லோர் போனிலும் இருக்கட்டும். நீச்சல் தெரியாதா? முழங்கால் தண்ணியோட நிறுத்திக்கோங்க. ராத்திரியில் யாருமே இறங்க வேண்டாம்.

கடைசியா ஒண்ணு... எந்த நாள், எந்த ஊர், யார் யார், யார் நம்பர்னு ஒரே பேப்பரில் எழுதி வீட்டில் ஒரு காப்பி, ஹாஸ்டலில் ஒரு காப்பி கொடுத்துடுங்க. அப்பாகிட்ட பர்மிஷன் வாங்கவும் அந்த பேப்பர்தான் பெஸ்ட் வக்கீல்!

கடல் எங்கேயும் போயிடாது பாஸ். பத்திரமா திரும்பி வந்தீங்கன்னா, அடுத்த லீவுக்கும் அது அங்கேயேதான் இருக்கும்!