மைசூரிலிருந்து கடல் கடக்க: பயணச்சீட்டின் உண்மை விலை

மைசூரு மண்டகள்ளி விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. சமஸ்தான காலத்தில், 1940களில் அமைக்கப்பட்ட இந்நிலையம் 2010இல் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் ‘உடான்’ திட்டத்தின்கீழ் சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,740 மீட்டரே. ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களுக்கு அது போதும். பயணிகள் நிறைந்த பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. நீட்டிக்கலாமென்றால் நஞ்சன்கூடு நெடுஞ்சாலை குறுக்கே நிற்கிறது. ஆகவே, சிங்கப்பூரில் வாழும் மகளைப் பார்க்கவோ மஸ்கட்டில் பணியில் சேரவோ புறப்படும் மைசூருவாசி, முதலில் வேறோர் ஊரைச் சென்றடைய வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் வசிப்பவர் பெரும்பாலும் ஒரே விமான நிலையத்தின் கட்டணத்தைத்தான் பார்க்கிறார். மைசூருவாசியோ எப்படியும் பெட்டியுடன் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டியவர். அந்தப் பயணம் எந்தத் திசையில் என்பதைக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கும் உரிமையாவது அவருக்கு இருக்கிறது.

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவு. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ‘ஃப்ளைபஸ்’ மைசூரிலிருந்து நேராக அங்கே செல்கிறது. 2023 செப்டம்பர் 12 முதல் பன்னாட்டு விமானங்கள் அங்குள்ள இரண்டாம் முனையத்திலிருந்து இயங்குகின்றன. மேற்கே, 2018 டிசம்பர் 9 அன்று திறக்கப்பட்ட கண்ணூர் விமான நிலையம் இன்னும் அருகில் உள்ளது. விராஜ்பேட்டை, மாக்குட்டா, இரிட்டி வழியாகச் சென்றால் சுமார் 160 கிலோமீட்டர். வளைகுடா நகரங்களுக்கு அங்கிருந்து விமானங்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கிருந்து சேவை நடத்த அனுமதி பெறாததால் இந்திய நிறுவனங்கள் மட்டுமே பறந்து வந்துள்ளன. போட்டி குறைந்த இடத்தில் கட்டணம் குறைவாக இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஓணம், ரம்ஜான், பள்ளி விடுமுறை ஆகிய காலங்களில் கேரளத்து வளைகுடாக் கட்டணங்கள் ஏறுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. கோழிக்கோட்டுக்குப் போவதாயின் பந்திப்பூர் வனத்தை நினைவில் வைக்க வேண்டும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வழியே வாகனங்களுக்குத் தடை. அதிகாலை விமானத்துக்குச் செல்பவர் முதல் நாள் மாலையே காட்டைக் கடந்தாக வேண்டும். கோயம்புத்தூர் செல்லும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு.

நம்மில் பலர் எண்ணிப் பார்க்காத ஊர் திருச்சிராப்பள்ளி. மைசூரிலிருந்து மாலையில் புறப்பட்டு மயிலாடுதுறை செல்லும் எக்ஸ்பிரஸ், பெங்களூரு, சேலம், ஈரோடு, கரூர் வழியாக மறுநாள் அதிகாலை திருச்சியை அடைகிறது. மைசூருத் தமிழர்களுக்குத் தலைமுறைகளாகப் பழகிய வண்டி அது. 2024 ஜனவரி 2 அன்று புதிய முனையம் திறக்கப்பட்ட திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் முதலிய நகரங்களுக்கு நேரடி விமானங்கள் இயங்கி வருகின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் செல்லும் ஓய்வுபெற்ற தம்பதியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்காக நாம் வைத்தவை. பெங்களூரிலிருந்து போக வர ஒருவருக்கு 26,000 ரூபாய். திருச்சியிலிருந்து 22,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 7,000 ரூபாய் மிச்சம்போல் தோன்றுகிறது. பெங்களூருக்குப் பேருந்துச் செலவு 4,000 ரூபாய் என்றால் மொத்தம் 56,000. திருச்சிக்கு ரயில், ஆட்டோ, பகல் பொழுதுக்கு ஓர் அறை ஆகியவற்றுக்கு 6,500 ரூபாய் என்றால் மொத்தம் 51,500. மிச்சம் 4,500 ரூபாயாகச் சுருங்கினாலும் திருச்சியே வெல்கிறது.

ஆனால் திருச்சிச் சீட்டில் பெட்டிக்கு இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை மட்டுமே அடங்கும். ஏர் ஏசியாவில் அது 7 கிலோ. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பாட்டி 7 கிலோவோடு கிளம்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பிரசவ லேகியமும் நெய்யும் 100 மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் செல்லவும் மாட்டா. ஒரு பெட்டிக்கு ஒரு வழிக்கு 2,500 ரூபாய் என்றால், இருவருக்கும் இருவழிக்கும் 10,000 ரூபாய். பெங்களூருச் சீட்டில் பெட்டி அடக்கம் எனில், திருச்சிப் பயணம் இப்போது 5,500 ரூபாய் கூடுதல். விளம்பரத்தில் காணும் விலையை நம்பாமல் வாசற்படி முதல் வாசற்படி வரை கூட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பெட்டிக்கான கட்டணத்தை முன்பதிவின்போதே செலுத்துங்கள். விமான நிலையத்தில் அது பன்மடங்காகலாம்.

ஒரே வகுப்பின் இருக்கைகள் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நன்று. நிறுவனங்கள் அவற்றைப் பல விலைத் தொகுதிகளாகப் பிரித்து வைக்கின்றன. மலிவுத் தொகுதியில் இரண்டு இருக்கைகளே எஞ்சியிருக்கையில் நால்வருக்காகத் தேடினால், பொதுவாக நால்வருக்கும் அடுத்த தொகுதியின் விலையே காட்டப்படும். எனவே முதலில் ஒருவருக்குத் தேடி, பின்னர் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் மாதம் முழுவதற்குமான விலை நாட்காட்டி உண்டு; புறப்படும் நாளை இரண்டு நாள் முன்பின்னாக மாற்றுவதால் கிடைக்கும் மிச்சம் பெரும்பாலும் எந்தத் தள்ளுபடிக் குறியீட்டையும் மிஞ்சும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பன போன்ற செவிவழிச் செய்திகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரசவம் நாள் பார்த்து வருவதில்லை. மேற்சொன்ன தம்பதிக்கு மிக மலிவான சீட்டு பொருந்தாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். திரும்பும் நாளை மாற்றக் கட்டணம் எவ்வளவு, மாற்றவே முடியாதா என்பதை வாங்கும் முன்பே படித்தறிய வேண்டும். பணம் திரும்பாச் சீட்டை ரத்து செய்தாலும், அதிலுள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டுமென்பது இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. பயணிகள் பலர் அதைக் கேட்டுப் பெறுவதில்லை.

இரண்டு நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளை இணைத்து மிச்சம் பிடிப்போர் கவனிக்க: கோலாலம்பூரில் இறங்கி வேறொரு சீட்டில் ஆஸ்திரேலியா செல்கையில் முதல் விமானம் தாமதமானால், இரண்டாம் நிறுவனம் காத்திருக்காது, பணமும் தராது. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்நாட்டுக் குடிநுழைவைக் கடக்கவும் நேரலாம். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா தேவை. முதியவர்கள் தனியே செல்லும்போது இத்தகைய இணைப்பு எவ்வளவு மலிவாயினும் நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

பணம் செலுத்தும் இடத்திலும் மிச்சமானது கரையக்கூடும். வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் ரிங்கிட்டிலோ டாலரிலோ விலை காட்டப்பட்டால், அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் விதிக்கப்படும். 40,000 ரூபாய்ச் சீட்டுக்கு 3.5 சதவீதம் எனில் 1,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய், ஆக 1,652 ரூபாய். அதே நிறுவனத்தின் இந்தியப் பக்கத்தில் ரூபாயிலேயே விலை இருந்தால் இச்செலவு பெரும்பாலும் தவிரும். வெளிநாட்டுக் கடையில் “ரூபாயில் செலுத்துகிறீர்களா?” என்று இயந்திரம் கேட்டால், மறுத்து உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அங்கே காட்டப்படும் ரூபாய் மாற்று விகிதம் பொதுவாக வாடிக்கையாளருக்குச் சாதகமானதன்று. 2020 முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே செயலியில் இயக்கி, உச்சவரம்பும் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டைக் கடன் அட்டையில் வாங்கிக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவோர்க்கு, அட்டைகள் பலவற்றில் ஆண்டு வட்டி 36 சதவீதத்தையும் தாண்டுகிறது. மாதம் 4,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால் ஓராண்டில் 48,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். பயணம் முன்கூட்டியே தெரிந்ததென்றால் அதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குச் சீட்டு தருவதாகச் சொல்பவர் பி.என்.ஆர். எண்ணைக் காட்டினால் மட்டும் நம்ப வேண்டாம். அது முன்பதிவின் அடையாளம்தான். பணம் செலுத்தப்பட்ட சீட்டுக்குப் பல நிறுவனங்களில் 13 இலக்க மின்சீட்டு எண் இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் அதைச் சரிபாருங்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமின்றிப் புகார் செய்தால் பணத்தை இடையிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டுமெனப் பல நாடுகள் கேட்கின்றன. சீட்டு வாங்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். அஞ்சல் நிலையத்திலேயே கடவுச்சீட்டுச் சேவை மையம் நடத்தும் திட்டம் 2017 ஜனவரி 25 அன்று முதன்முதலில் தொடங்கியது நம் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும்தான். புதுப்பிப்பதற்குப் பெங்களூரு செல்ல வேண்டிய தேவை அதனால் குறைந்தது.

இறுதியாக, வரி. விமானச் சீட்டை மட்டும் வாங்கினால் அது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாகக் கருதப்படாது. சீட்டும் விடுதியும் சேர்ந்த தொகுப்பாக முகவரிடம் வாங்கினால் மூலத்தில் வரி வசூலிக்கப்படும். அதன் விகிதம் அண்மை ஆண்டுகளில் சிலமுறை மாறியிருப்பதால் அப்போதைய விகிதத்தைக் கேட்டறியுங்கள். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். செலுத்த வேண்டிய வரியைவிட மிகுந்தால் திரும்பப் பெறலாம். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியரும் இதற்காகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். முகவர் உங்கள் பான் எண்ணைச் சரியாகக் குறித்துள்ளாரா என்பதை ரசீது வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.