நூறு ஹெக்டேர் காடு: எந்த வடிவில்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊரை நெருங்கும்போது, புதுத்தோட்டம் என்னும் இடம் வரும். அங்கே சாலையோரத்தில், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி மயிரும் குஞ்சம் வைத்த வாலும் உடைய கருங்குரங்குகளைக் காணலாம். இவைதாம் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. மரத்துக்கு மரம் தாவி வாழும் இந்தப் பிராணிக்குத் தார்ச்சாலையில் என்ன வேலை?

வால்பாறைப் பீடபூமியின் பெரும்பகுதி முன்பு மழைக்காடு. 1890-களிலிருந்து அது தேயிலை, காப்பித் தோட்டங்களாக மாறியது. வெட்டுக்குத் தப்பிய காடு இன்று திட்டுத் திட்டாக நிற்கிறது. புதுத்தோட்டமும் அப்படியொரு திட்டுதான். பரப்பு 100 ஹெக்டேருக்கும் குறைவு.

பரப்பு மட்டும் பார்த்தால் போதுமா? காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் புகும், மண் காயும், உன்னிச்செடி போன்ற களைகள் மண்டும். இந்த விளைவு 100 மீட்டர் உள்ளே எட்டுவதாகக் கொள்வோம் (உண்மையில் இது இடத்துக்கு இடம் மாறும்). 1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரக் காட்டின் பரப்பு 100 ஹெக்டேர். அதில் ஓரம் போக மிஞ்சும் உட்காடு 64 ஹெக்டேர். அதையே நான்கு சம சதுரங்களாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைத்தால், மொத்தம் 36 ஹெக்டேர்தான். 200 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் உள்ள பட்டையாக்கினால்? கணக்கிட்டுப் பாருங்கள், பூஜ்யம்!

அதற்காகப் பட்டைக் காடு வீண் என்று எண்ண வேண்டாம். ஆற்றோரப் பட்டைகளை ஒட்டித்தான் வால்பாறை யானைகள் பெரும்பாலும் தோட்டங்களைக் கடக்கின்றன.

திட்டுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். காட்டு மரங்களின் நிழலில் காப்பி வளர்ந்தால், கிளைவழிப் பாதை ஓரளவு தொடரும். இருவாச்சிப் பறவைக்கும் பழம் கிடைக்கும். தேயிலையோ இடுப்பளவுப் புதர். அதன் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் குரங்கு தாவ முடியுமா? கீழே இறங்கத்தான் வேண்டும். சாலை வெட்டிய இடத்திலும் அப்படியே. அங்கே வாகனங்களில் அடிபட்டு இறந்த குரங்குகள் பல.

இதைத் தடுக்கச் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துத் தொங்கு பாலங்கள் கட்டினார்கள். குரங்குகள் அவற்றில் நடந்து போகின்றன. மற்றொரு பக்கம், சிதைந்த திட்டுகளில் களையை அகற்றி, வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அவை வளர்ந்து கிளையோடு கிளை சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை குரங்குகளுக்குத் தொங்கு பாலம்தான் கிளை.