மலையிறங்கும் வண்டியும் பிறேக் தட்டும்

மோட்டார் வண்டி வாங்கப் புகுவோர் அதன் எஞ்சினின் வலுவைக் கேட்பர். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்பர். ஆசனத்தின் மென்மையைக் கையால் அமர்த்திப் பார்ப்பர். ஓடும் வண்டியை நிறுத்துவது எது என்று கேட்பவரை நாம் அருமையாகவே கண்டிருக்கிறோம். சில ஆண்டுகள் கழிந்து, மிதிக்கும்போதெல்லாம் சக்கரத்தினுள்ளிருந்து கீச்சென்ற ஒலி எழத் தொடங்கியபின், அல்லது சுக்கான் கைக்குள் நடுங்கத் தொடங்கியபின்தான் அந்தக் கேள்வி பிறக்கின்றது. அப்பொழுது வீட்டில் இரு கட்சிகள் தோன்றும். கராஜ்காரர், கட்டையை மட்டும் மாற்றினால் போதும் என்பார். பல்கலைக்கழகத்திற் படிக்கும் மகனோ, துளையிட்ட பெரிய தட்டும் சிவப்பு வர்ணம் பூசிய கலிப்பரும் பூட்டுவோம் என்பான். பணங் கொடுக்கவேண்டிய தந்தை நடுவில் நின்று திகைப்பார். இவ்விருவரில் யார் சொல்வது தகும்?

எஸ்.யூ.வி. என்று உலகம் வழங்கும் உயரமான குடும்ப வண்டியை நம் நாட்டார் பெரும்பாலும் ஜீப் என்ற ஒரே பெயரால் அழைப்பர். அதன் முன் சக்கரங்களுக்குட் பார்த்தால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டொன்று தெரியும். கராஜில் இதனை டிஸ்க் என்பர். தட்டின் இரு பக்கமும் நின்று அதனைக் கவ்வுவன பிறேக் கட்டைகள். கடையிற் ‘பாட்’ என்று கேட்டாலும் தருவர். அக்கட்டைகளைத் தாங்கி நெருக்கும் இருப்புப் பிடிக்குப் பெயர் கலிப்பர். காலால் மிதிக்கும் விசையைக் குழாய்வழியே கலிப்பருக்குக் கொண்டுசெல்வது பிறேக் எண்ணெய். உறுப்புகள் இவ்வளவே.

தட்டுப் பிறேக்குக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரடெரிக் லாஞ்செஸ்ரர் என்னும் பொறியியலாளர் காப்புரிமை பெற்றார். எனினும் அது பெயர்பெற அரை நூற்றாண்டு சென்றது. 1953இல் பிரான்சிலுள்ள லு மான் என்னுமிடத்தில் நடந்த 24 மணிநேர ஓட்டப்பந்தயத்தில் தட்டுப் பிறேக் பூட்டிய ஜாகுவார் வண்டி முதலாவதாக வந்தபின்பே மற்றையோர் கண் திறந்தனர். 1955இல் வெளிவந்த சிற்றொயன் டி.எஸ். வண்டியின் முன் சக்கரங்களில் அது இடம்பெற்றது. கட்டையின் கதை இதனினும் பழையது. ஹேபேட் புறூட் என்பவர் இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் இறக்கத்திற் செல்லும் குதிரை வண்டிகளின் பிறேக்கைச் சீர்செய்யப் புகுந்து 1897இல் தொடங்கிய தொழிலே பின்னர் பெரோடோ என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. மலையிறக்கமே அக்கலைக்கு ஆசானாய் இருந்தது என்பதை வாசகர் குறித்துக்கொள்ளல் வேண்டும். நாம் சொல்லப் புகுவதும் அதுவே.

பிறேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்வது வழக்கு. பௌதிகம் கற்பிக்கும் எம்மைக் கேட்டால், அது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் அடுப்பு என்போம். குடும்பமும் பொதிகளும் ஏறிய ஜீப் ஒன்றின் திணிவு 2000 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்பொழுது அதன் இயக்கப்பண்புச் சத்தி ஏறக்குறைய 4,94,000 யூல் ஆகும். அதனை முற்றாக நிறுத்தினால் அவ்வளவும் வெப்பமாகின்றது. ஒன்றரை லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய இவ்வெப்பம், அவசரமாய் நிறுத்தும்பொழுது மூன்று நான்கு விநாடிகளுள் பிறந்துவிடுகின்றது. வேகம் இரட்டித்தால் சத்தி நான்கு மடங்காகும் என்பதை மாணவர் அறிவர். 40இல் ஓடுபவருக்கு இதன் காற்பங்குதான்.

முன் தட்டு ஒவ்வொன்றும் 9 கிலோகிராம் எனவும், வெப்பத்தின் பத்தில் ஏழு பங்கு முன்சக்கரங்களிற் சேர்கின்றது எனவும் கொண்டு கணித்தால், ஒருமுறை நிறுத்துவதால் தட்டின் வெப்பநிலை செல்சியஸ் அளவில் ஏறக்குறைய 40 பாகை உயரும். சமவெளியில் இது பொருட்டன்று. அடுத்த சந்திக்கு முன் காற்று அதனை ஆற்றிவிடும்.

இனி நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குவோம். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நகரிலிருந்து புறப்பட்டு 1300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். அந்த 2000 கிலோகிராம் வண்டி அவ்வுயரத்தில் இழக்கும் அழுத்தச் சத்தி இரண்டரைக் கோடி யூலுக்கு மேல். அதாவது, 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஐம்பது தடவை நிறுத்தியதற்கு ஒப்பு. தண்ணீராயின் 85 லீற்றரைக் கொதிக்க வைத்திருக்கும். காற்றும் சக்கரங்களும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் ஏற்காவிடிற் பிறேக்தான் ஏற்கவேண்டும். வண்டியை மேல் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிறேக்கைத் தேய்த்துக்கொண்டே வருபவர் தம் தட்டுகளை ஆறவிடாமற் சூடாக்குகிறார்.

அளவு கடந்த சூட்டால் விளைவன இரண்டு. ஒன்று, கட்டையிலுள்ள பிசின் சிதைந்து உராய்வு குறைதல். அப்போது மிதி கடினமாகவே இருக்கும், வண்டி நிற்காது. இரண்டாவது, பிறேக் எண்ணெய் கொதித்தல். அப்போது மிதி தரைவரை அமிழ்ந்துபோகும். இந்த இரண்டாவதே அதிகம் அஞ்சத்தக்கது. ஏனெனிற் பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 என்று குறித்த எண்ணெய் புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகைவரை கொதியாது நிற்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகை. டொட் 3 எண்ணெய்க்கு இவ்வெண்கள் 205, 140. எமது போன்ற ஈரப்பதன் மிக்க நாட்டில் ஆறு ஏழு ஆண்டுகள் மாற்றாத பழைய எண்ணெயோடு, விலையுயர்ந்த புதுத் தட்டுப் பூட்டி மலையேறுவது எத்தகைய சிக்கனம் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று. டொட் 5 என்பது சிலிக்கோன் வகை, டொட் 5.1 வேறு. பெயர் ஒத்திருத்தலால் ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றிவிடலாகாது.

தட்டை எப்போது மாற்றவேண்டும் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான தட்டுகளின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ அதன் மிகக் குறைந்த தடிப்பு வார்த்தோ பொறித்தோ இருக்கும். உதாரணமாக, புதிதில் 28 மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டுக்கு 26 என்று எழுதியிருக்கலாம். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று இகழ்தல் கூடாது. இரும்பு குறைந்தால் வெப்பத்தை ஏற்கும் கொள்ளளவும் குறைகின்றது.

இதை அளப்பதில் ஒரு நுட்பமுண்டு. கட்டை படாத வெளிவிளிம்பு தேயாமல் வரம்புபோல் எழுந்து நிற்கும். வேணியர் இடுக்கியை வைத்தால் அதன் தாடைகள் அவ்வரம்பிற் தங்கிப் பொய்யளவு காட்டும். எமக்குப் பழக்கமான கராஜ் ஒன்றில் முதிய மெக்கானிக் ஒருவர் நுண்மானித் திருகுக்கணிச்சியை எடுத்து, வரம்புக்கு உட்புறமாக எட்டு இடங்களில் அளந்து, சோக்கினால் நிலத்தில் எழுதிக் காட்டினார். “மாஸ்ரர், மெல்லிசாப் போனதைவிட, ஒரு பக்கம் மெல்லிசு ஒரு பக்கம் தடிப்பு எண்டதுதான் நடுக்கத்துக்குக் காரணம்” என்றார் அவர். எமது மாணவர் ஆய்கூடத்திற் கம்பியின் விட்டம் அளக்கும் அதே கருவி அது. பரீட்சையோடு அதனை மறந்துவிடுபவர்களுக்கு அவரைக் காட்டவேண்டும் போலிருந்தது.

அவர் சொன்னது முற்றும் உண்மை. சுக்கான் நடுங்கினால் தட்டு வளைந்துவிட்டது என்பது பொதுவான பேச்சு. வளைவது அரிது. கட்டையின் பொருள் தட்டில் ஒழுங்கின்றி ஒட்டிக்கொள்வதாலோ, தட்டுக்கும் அதனைத் தாங்கும் ஹப்புக்கும் இடையே துரு நிற்பதாலோ, சக்கரச் சுரைகளை ஏற்றத்தாழ்வாய் முறுக்கியதாலோ தட்டின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடத் தொடங்குகின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடுகூடக் காலுக்குத் தெரியும். ஹப்பின் துருவைச் சுரண்டாமற் புதுத் தட்டைப் பூட்டினால் சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பும். பழி தட்டை விற்றவர்மேல் விழும்.

கட்டையோ, உராய்வுப் பகுதி 3 மில்லிமீற்றரளவில் வந்தவுடன் மாற்றத்தக்கது. கீச்சென்ற ஒலி எழுப்பும் சிறு தகடு பல கட்டைகளில் இதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றது. வகைகள் பல. உலோகத் துகள் மிகுந்தவை சூட்டைத் தாங்கும். தூசும் ஒலியும் கூடுதல். செராமிக் எனப்படுபவை அமைதியானவை, சக்கரத்தைக் கரியாக்காதவை. அவை குறுகிய தூரத்தில் நிறுத்தும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவர். பல கட்டைகளின் முதுகில் ஈரெழுத்துக் குறியொன்று உண்டு. முதலெழுத்து சாதாரண வெப்பநிலையிலும் இரண்டாவது சூடேறியபோதும் உள்ள உராய்வுக் குணகத்தைச் சுட்டும்: ஈ எனின் 0.25 முதல் 0.35 வரை, எஃப் எனின் 0.35 முதல் 0.45 வரை, ஜீ எனின் 0.45 முதல் 0.55 வரை. மலைநாட்டுப் பயணம் மிகுந்த குடும்பத்தார் இரண்டாம் எழுத்து முதலாவதினும் தாழாத கட்டையைத் தெரிதல் தகும். கொழும்பிற் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுவோருக்குப் புதியதும் பழையதும் பலவகை விலையில் எதிர்ப்படும். பழைய தட்டை அளவாமல் வாங்கவேண்டாம். குறியோ உற்பத்தியாளர் பெயரோ இல்லாத கட்டையை அளந்தும் வாங்கவேண்டாம்.

இனி மகனின் வழக்கைக் கேட்போம். துளையிட்ட தட்டு அழகியது; மழையில் நீரையும் சூட்டில் வாயுவையும் வெளியேற்றும். ஆனால் துளையைச் சுற்றி வெடிப்பு உண்டாகக் கூடும். துளையிட்ட அளவுக்கு இரும்பும் குறைவு. கீறலிட்ட தட்டு கட்டையின் முகத்தைச் சுத்தமாக்கும். அதனாலேயே கட்டையைச் சற்று விரைந்து தின்னும். விட்டம் பெரிய தட்டு மெய்யாகவே அதிக வெப்பத்தை ஏற்கும். ஆயினும் அதற்கேற்ற கலிப்பரும் தாங்கியும் வேண்டும், சக்கரத்தினுள் இடமும் வேண்டும். முன்பின் சமநிலையும் குலையலாம். நிறுத்தும் தூரம் குறையுமா என்பதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஆளற்ற நேரான வீதியில் முழுவலுவோடு மிதித்தால் ஏ.பி.எஸ். துடிக்கின்றதா? துடித்தால், பிறேக்கின் வலு ஏற்கெனவே ரயரின் பிடியை மிஞ்சிவிட்டது. அதற்குமேற் பெரிய பிறேக் பூட்டுவதால் ஒரு முழமும் குறையாது. அப்பணத்தை நல்ல ரயருக்குக் கொடுப்பதே பயன். பாரமான இழுவையை இழுப்போரும், ஓயாது மலையேறி இறங்குவோரும் பெரிய தட்டை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு இருமுறை நுவரெலியா செல்லும் குடும்பத்துக்கு, உரிய தடிப்புள்ள சாதாரணத் தட்டு, தரமான கட்டை, புதிய எண்ணெய் ஆகிய மூன்றுமே மேம்பாடு என்பது எமது கருத்து. சிவப்பு வர்ணத்துக்கு நாம் எதிரியல்லேம். அதைப் பூசியும் கொள்ளலாம்.

வேலை நடக்கும்பொழுது உடையவர் அருகில் நின்று கவனிக்கத்தக்கன சில. ஒரே அச்சின் இரு பக்கத்துக் கட்டைகளும் தட்டுகளும் ஒருங்கே மாறவேண்டும். கழற்றிய கலிப்பரை இறப்பர்க் குழாயிற் தொங்கவிடுதல் பெருந் தவறு. கம்பியாற் கட்டி வைத்தல் வேண்டும். கலிப்பர் வழுக்கிச் செல்லும் ஊசிகளைத் துடைத்து, இறப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிறீஸ் பூசவேண்டும். புதுத் தட்டின்மேலுள்ள துருக்காப்பு எண்ணெயைக் கழுவியே பூட்டவேண்டும். தூசைக் காற்றடித்து ஊதலாகாது. பழைய வண்டிகளின் கட்டைகளிற் கல்நார் இருந்ததுண்டு. மின்விசையால் இயங்கும் கைப்பிறேக் உள்ள வண்டிகளில் பின்கலிப்பரைத் தள்ளுமுன் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றுவது அவசியம். முடிவில், வண்டியை அசைக்குமுன் மிதி இறுகும்வரை பலமுறை மிதித்தல் வேண்டும். இதனை மறந்தால் முதல் மிதி வெறுமையாய்ப் போகும், கராஜின் சுவர்தான் வண்டியை நிறுத்தும்.

புதுக்கட்டை தட்டோடு பொருந்தச் சற்றுக் காலம் வேண்டும். உற்பத்தியாளர் முறையொன்று கூறியிருந்தால் அதன்படி செய்க. இல்லையெனின் வாகனம் குறைந்த வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முற்றாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுப் பத்துமுறை ஓட்டுக. சூடாயிருக்கையில் மிதித்தபடியே நின்றால் கட்டையின் பொருள் அச்சாய்த் தட்டில் ஒட்டிவிடும்.

மலையிறங்கும்போது மேலேறிய அதே தாழ்ந்த கியரிலே இறங்குதல் பழைய சாரதிகளின் வழக்கம். தானியங்கிக் கியர் வண்டியில் எல் அல்லது 2, கலப்பின வண்டியாயின் பி என்னும் நிலை இதற்கே உண்டு. கலப்பின வண்டியின் மின்கலம் நிரம்பியபின் அது பிறேக்கின் பங்கை ஏற்காது. நெடிய இறக்கத்தில் அதனை மட்டும் நம்பலாகாது.

கழற்றிய பழைய கட்டைகளை எறியவிடாமற் கேட்டு வாங்கிப் பாருங்கள். உட்கட்டை தேய்ந்து வெளிக்கட்டை தடித்திருப்பின் ஊசிகள் இறுகியிருந்தன என்பது பொருள். அதனைச் சீர்செய்தார்களா என்று அங்கேயே கேட்டுவிடலாம். சக்கரச் சுரைகளை நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை மீண்டும் முறுக்கிப் பார்க்கவும்.