முதுகில் தண்ணீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டால்

“முதுகுல தண்ணி எடுத்துப் பார்க்கணும், இங்க ஒரு கையெழுத்து போடுங்க.” கடும் காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, பிதற்றல் என்று சேர்க்கப்பட்டவரின் வீட்டாரிடம் டாக்டர் இப்படிச் சொன்னதும், கூட இருப்பவர்களில் ஒருவராவது கிசுகிசுப்பார்: “அங்க ஊசி போட்டா கால் விளங்காம போயிடும், வேணாம்னு சொல்லிடு.” மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கும் நேரத்தில், ஊசியைவிட ஆபத்தானது இந்தப் பேச்சுதான்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. சிசேரியனுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். அங்கிருந்து எடுக்கும் தண்டுவட நீர் உடலில் சுமார் 150 மில்லி இருக்கும். தினமும் 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்கு எடுக்கும் 5 முதல் 10 மில்லி, ஒரு மணி நேரத்துக்குள் ஊறிவிடும்.

பாதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் மிக அரிது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ, டெங்குவில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால், வலிப்பு வந்திருந்தால், முதலில் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ரத்தம் கல்ச்சருக்கு எடுத்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாச்சா, டாக்டர்?” ஸ்கேனுக்காக மருந்து காத்திருக்கக் கூடாது.

எடுத்த நீர் ஆய்வகத்தில் என்ன ஆகிறது? நலமாக இருப்பவரின் நீர் தெளிவாக இருக்கும். பாக்டீரியா தாக்கியிருந்தால் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கிவிடும். வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5-க்குள் இருக்க வேண்டியவை, பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் 1,000-ஐத் தாண்டும். வைரஸிலும் காசநோயிலும் அணுக்கள் வேறு வகை, எண்ணிக்கையும் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் சர்க்கரை அளவு உதவுகிறது: வைரஸில் அது பெரும்பாலும் குறையாது, காசநோயில் குறையும்.

அந்தச் சர்க்கரையைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தண்டுவட நீரில் இருப்பது ரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ரத்தத்தில் 300 உள்ள சர்க்கரை நோயாளிக்கு, தண்டுவட நீரில் 90 என்று வந்தால் தாளில் நல்ல எண்ணாகத் தெரியும். உண்மையில் அது அபாயக் குறி. அதனால் அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முடிவு அன்றைக்கே கிடைத்துவிடும். கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாளாகும். காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் தரும். அரசின் காசநோய்த் திட்டத்தில் இது இலவசம். அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் காசநோய் இல்லையென்று முடிவு கட்டிவிட முடியாது.

சிறிய மருத்துவமனைகளில் அந்தக் குழாயை வீட்டார் கையிலேயே கொடுத்து, “வெளி லேப்ல கொடுத்துட்டு வாங்க” என்று அனுப்புவதுண்டு. இரண்டு மணி நேரம் தாமதமானால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களில் பாதியளவு சிதைந்துவிடும். ஐஸிலோ ஃப்ரிட்ஜிலோ வைத்தால் சில கிருமிகள் செத்து, கல்ச்சரில் ஒன்றும் வளராது. கேரளத்தில் 2024, 2025-இல் அச்சுறுத்திய அமீபா மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கவும் குளிரூட்டாத, அப்போது எடுத்த நீர்தான் வேண்டும். ஆகவே குழாயில் பெயரும் எடுத்த நேரமும் இருக்கிறதா என்று பார்த்து, நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள். லேப் மூடியிருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். முதல் நாள் தெரு கிளினிக்கில் போட்ட ஊசி, வாங்கிய மாத்திரை அட்டை, நோயாளி அண்மையில் குளத்தில் குளித்தது என எதையும் மறைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் முன்பே உள்ளே போயிருந்தால், நோய் இருந்தும் கல்ச்சர் ஒன்றுமில்லை என்று வரக்கூடும்.

எதற்காக, என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் எந்தக் கிருமிக்கு மருந்து கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் சிகிச்சை நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. மருத்துவர்மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இழப்பீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

குணமான பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தைக்கு டிஸ்சார்ஜுக்கு முன்போ, அடுத்த நான்கு வாரத்துக்குள்ளோ காது கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும். கேட்காமல் போன உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால், காக்ளியர் கருவி பொருத்துவதே கடினமாகிவிடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கருவி முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது.