சைக்கிளில் ஏற்காடு, அதன் பிறகு 200 கிலோமீட்டர்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்ததும் சாலை நிமிரத் தொடங்குகிறது. அங்கிருந்து ஏற்காடு ஏரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். அதாவது, நூறு மீட்டர் முன்னே போனால் ஐந்து மீட்டர் மேலே போயிருப்போம். மலைச்சாலைகளில் இது மிதமான ஏற்றம்தான். இருந்தும் ஆறாவது, ஏழாவது வளைவிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குக் காலில் தெம்புக்குக் குறைவில்லை. முதல் மூன்று கிலோமீட்டரை வேகமாக ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குச் சுமை குறைவது அதனால்தான். ஏற்றத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. மணிக்கு எட்டு, பத்து கி.மீ. வேகத்தில் காற்று பெரிதாகத் தடுப்பதில்லை. உழைப்பில் பத்தில் எட்டரைப் பங்கு உடம்பையும் வண்டியையும் மேலே தூக்குவதற்கே போகிறது. யார் பின்னால் ஒட்டிப் போனாலும் அந்தப் பாரம் குறையாது. ஆகவே, நண்பர்களோடு கிளம்பினாலும் மலையில் அவரவர் வேகத்தில் ஏறுவதே சரி. மேலே எந்த டீக்கடையில் சந்திப்பது என்பதை அடிவாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக ஏறத்தாழ 100 வாட் வேண்டும். அதையே 12 கி.மீ. ஆக்கினால் 150 வாட்டைத் தாண்டிவிடும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உடம்புக்கு அது ஒன்றரை மடங்கு வேலை. சில மாதங்கள் ஒழுங்காக ஓட்டிய ஒருவர் இரண்டு மணி நேரம் 100 வாட் கொடுத்துவிடலாம். 150 வாட் கொடுக்கத் தொடங்கினால் அரை மணியில் கால் கல்லாகிவிடும். அடிவாரத்தில் கால் புதிதாக இருக்கும், உற்சாகமும் இருக்கும், முன்னால் ஒருவர் போய்க்கொண்டும் இருப்பார். அந்த நேரத்தில் வேகத்தை அடக்கிக்கொள்வதுதான் மலையேற்றத்தின் முக்கால்வாசிப் பாடம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் பேசிப் பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. இரண்டு, மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. அந்த எல்லைக்கு மேலே போனால் தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை மளமளவென்று கரையும். அதைத் திரும்ப நிரப்ப மலையில் நேரம் கிடையாது. முதல் ஐந்து வளைவுகளை ‘இவ்வளவு மெதுவாகவா போவது’ என்று தோன்றும் அளவுக்கு ஏறுங்கள். பதினைந்தாவது வளைவுக்குப் பிறகும் மூச்சு மிச்சமிருந்தால் அப்போது வேகம் கூட்டலாம்.

வேகத்தை அடக்க வேண்டும் என்று மனம் சொன்னாலும் கியர் இடம் கொடுக்க வேண்டுமே. புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநியாயம் இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். பந்தய வீரருக்கான கியரைப் பூட்டிய வண்டியை, ஆறு மாதமாக ஓட்டும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவரும் தன் காலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மலைப்பக்கம் போவதையே விட்டுவிடுகிறார்.

முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 39 பல், பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 25 பல் என்றால், பெடலை ஒருமுறை சுற்ற வண்டி மூன்றேகால் மீட்டர் நகரும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 41 சுற்றுதான் கால் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் படிக்கட்டில் மூட்டை சுமப்பதுபோல் முழங்காலில் இறங்கும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 52 சுற்று. முன்னும் பின்னும் 34 என்றால் 63 சுற்று. ஹைப்ரிட் சைக்கிள்களில் சிலவற்றில் முன்னால் மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். அவற்றில் சிறியதில் 28 பல், பின்னால் 32 பல் இருந்தால் அதே வேகத்தில் 72 சுற்று. 70 சுற்றை ஒட்டி கால் சுழன்றால் வேலையின் பெரும்பகுதியை இதயமும் நுரையீரலும் ஏற்றுக்கொள்ளும். 50க்குக் கீழே போனால் தொடையும் முழங்காலும் சுமக்க வேண்டியிருக்கும். ஏற்காட்டில் ஒரு சாதாரண ஹைப்ரிட் வண்டி, அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள ரோடு பைக்கைவிட நிம்மதியாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, வண்டிக்குச் செலவு செய்ய முடிவெடுத்தால் முதல் செலவு பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டுக்குப் போகட்டும். 25 அல்லது 28 பல் இருந்தால் 32 அல்லது 34க்கு மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கியர் மாற்றும் டெரெய்லர் அந்த அளவைத் தாங்குமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். கூடவே செயினும் மாற்ற வேண்டியிருக்கலாம். எடை குறைந்த கார்பன் சட்டம் வாங்குவது அதன் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் ஒரு கிலோ எடை குறைந்தால் மிச்சமாவது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு பணம் தரலாம் என்பது அவரவர் விருப்பம்.

சீட்டின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மலையில் அந்த வலி சீக்கிரம் வந்து சேரும்.

வளைவுகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். சாலை இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நமக்குக் கிடைப்பது உட்புற ஓரம். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் அங்கே ஏற்றம் செங்குத்தாக இருக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிப்புறம் இருப்போம், அங்கே ஏற்றம் தணியும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்க வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் செயின் கழன்று வரும், சில சமயம் அறுந்தும் போகும். முடிந்தவரை உட்கார்ந்தே ஏறுங்கள். முதுகும் இடுப்பும் மரத்துப்போனால் ஒரு கியர் கூட்டி, பத்து இருபது மிதி எழுந்து நின்று மிதித்துவிட்டு உட்காரலாம். நிறுத்தி இளைப்பாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டிகள் வருவது தெரியும் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினால் திரும்பக் கிளம்புவது சுலபம்.

மலை இல்லாத ஊரில் என்ன செய்வது? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது ஏதாவது ஒரு திசையில் எதிர்காற்று கிடைத்துவிடும். எதிர்காற்றும் ஏற்றத்தைப் போல விடாமல் அழுத்தும், மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். சற்றே கனமான கியரில் நிமிடத்துக்கு 60, 65 சுற்றாக ஐந்து நிமிடம் மிதித்து, ஐந்து நிமிடம் ஆசுவாசப்படுத்தி, இப்படி நான்கு முறை செய்தால் அந்த வாரத்துக்குப் போதும். முழங்கால் வலித்தால் உடனே கியரைக் குறைத்துவிடுங்கள்.

நீண்ட தூரத்துக்கும் இதே மூச்சுதான் அளவுகோல். வேலைக்குப் போகிறவருக்கு வாரம் மூன்று நாள் வசப்படும். இரண்டு வாரநாட்களில் முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை 30 கி.மீ.யில் தொடங்கினால் அடுத்தடுத்த வாரங்களில் 40, 50 என்று கூட்டி, நான்காவது வாரம் 35க்கு இறக்கிவிடுங்கள். பிறகு 60, 70, 80, மறுபடி ஒரு தணிப்பு. அந்தத் தணிக்கும் வாரத்தைப் பலர் வீணாகப் போவதாக நினைக்கிறார்கள். மூன்று வார உழைப்பை உடம்பு தசையாகவும் தெம்பாகவும் மாற்றிக்கொள்வது அந்த ஓய்வில்தான். மூன்று, நான்கு மாதங்களில் 120, 130 கி.மீ. கைவந்துவிடும். அதை ஒரே நாளில் ஓட்டி, மறுநாள் வேலைக்கும் போக முடிந்தால் 200 கி.மீ. உங்களால் முடியும்.

80 கி.மீ.க்கு மேல் கால் தோற்பதைவிட வயிறு தோற்பதே அதிகம். 1,000 மீட்டர் உயரம் ஏற 80 கிலோவுக்கு 785 கிலோஜூல் வேலை. நம் உடம்பு தின்றதில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போகும். ஆக ஏற்காடு ஏற மட்டும் 750 முதல் 950 கிலோ கலோரி செலவாகிறது. விடியற்காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் பாதி மலையில் கண் இருட்டுவது இதனால்தான். கிளம்பும் முன் நான்கு இட்லியாவது சாப்பிடுங்கள். ஓட்டத் தொடங்கிய பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாம் சட்டைப் பின்பையில் அடங்கும். பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டது காலுக்கு வந்து சேர நேரமாகும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரில் தொடங்கி, வெயில் ஏற ஏற முக்கால் லிட்டர், அதற்கு மேலும் தேவைப்படும். நாள் முழுக்க வெறும் தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், மயக்கம் வரை போகலாம். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நம் சாலையோரங்களில் கிடைக்கின்றன. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கையில் இருப்பதும் நல்லது.

200 கி.மீ. தொட விரும்புகிறவர்களுக்குப் பொருத்தமான வாசல் ‘பிரெவே’ என்ற ஓட்டம். 1904இல் தொடங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பின் விதிகளின்படி உலகெங்கும் நடப்பது. சென்னை, கோவை போன்ற நகரங்களிலும் நடக்கிறது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி அவகாசம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. நேரத்துக்குள் முடித்த எல்லோரும் ஒன்றே. வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் பதிவு செய்ய வேண்டும், உதவிக்குப் பின்னால் கார் வரக்கூடாது, பங்க்சரானால் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கு 20 கி.மீ. சராசரியில் ஓட்டினால் பத்து மணி நேரத்தில் 200 கி.மீ. முடிந்துவிடும். சாப்பிட, இளைப்பாற, டியூப் மாற்ற மூன்றரை மணி நேரம் மிச்சம். வேகமாக ஓட்டிவிட்டு ஒவ்வொரு கடையிலும் அரை மணி உட்காருகிறவரைவிட, நிதானமாக ஓட்டிப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறவர் முன்னதாக வந்து சேருவார்.

மலைக்குத் திரும்புவோம், இறக்கம் பாக்கியிருக்கிறது. ஏறும்போது களைப்புதான் வரும், விபத்து பெரும்பாலும் இறங்கும்போது நடக்கிறது. பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்பதை ஏறும் முன்பே பாருங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் அழுத்திப் பிடித்தால் மணலிலோ ஈரத்திலோ சக்கரம் வழுக்கும். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், சைக்கிளில் வருகிற நமக்கும் அதுவே முறை. மேலே வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் குளிரில் விரல் விறைத்து பிரேக்கே பிடிக்க வராது. மடித்து வைத்த காற்றுத் தடுப்பு மேல்சட்டை ஒன்று போதும்.

முதல் மலையாக 14 வளைவுகள் கொண்ட ஏலகிரி நல்லது. அடுத்து ஏற்காடு. ஆழியாறிலிருந்து 40 வளைவுகளோடு வால்பாறையும், காரவள்ளியிலிருந்து 70 வளைவுகளோடு கொல்லிமலையும் அதற்குப் பின்னால் வரட்டும். வெயிலுக்கு முந்திக்கொள்ள இருட்டிலேயே கிளம்பும் பழக்கம் சமவெளிக்கும் ஏற்காட்டுக்கும் சரி, முன்னும் பின்னும் நல்ல விளக்கு எரிய வேண்டும். வால்பாறைச் சாலையிலும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறும் சாலையிலும் அந்தப் பழக்கம் ஆகாது. அவை யானை நடமாடும் காடுகள். அங்கே நன்றாக விடிந்த பிறகு, வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.