மாலை மூட்டையின் கனம்

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் சுமை இறக்கும் தொழிலாளியைக் கேட்டால், காலையில் தூக்கியதைவிட மாலையில் தூக்கும் மூட்டை கனம் என்பார். சிமென்ட் மூட்டை இரு வேளையும் 50 கிலோதான். தராசை மட்டும் நம்புவோர் இதை அலுப்பில் வந்த பேச்சென்று தள்ளிவிடுவர். பொருளாதாரம் கற்பித்த எனக்கோ, அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

எடையை அறிய உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில், இழுவிசையை அளந்து தண்டுவடத்துக்குத் தெரிவிக்கும் நுண்ணுறுப்புகள் உள்ளன. இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கியின் பெயரால் அவை வழங்குகின்றன. மற்றொரு வழி மூளைக்குள்ளேயே இருக்கிறது. தசைக்கு ஆணையிடும்போது அந்த ஆணையின் அளவை மூளை தனக்கும் குறித்துக்கொள்கிறது. நாம் உணரும் பிரயாசை பெரும்பாலும் அதுவே என்பர் உடலியலாளர். களைத்த தசையிலிருந்து அதே விசையைப் பெறக் கூடுதல் ஆணை தேவை. ஒரு கையைக் களைப்படையச் செய்து, அது தாங்கும் எடைக்கு ஈடானதை மறு கையால் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உண்மையைவிடக் கூடுதலான எடையையே தேர்ந்தெடுப்பார்கள்.

இதில் பொருளாதாரத்துக்கும் பழைய உறவுண்டு. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1870-இல், எடைகளை எறிவதும் நீட்டிய கையில் தாங்குவதும் எப்படிக் களைப்பூட்டுகின்றன என்ற சோதனைகளை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நேரம் நீள நீள உழைப்பின் வேதனை ஏறும் என்பதை மறு ஆண்டு வந்த தம் நூலில் வரைபடமாகவே காட்டினார். ஆயினும் மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலிமுறையில் முதல் மூட்டைக்கும் கடைசி மூட்டைக்கும் ஒரே விலை.

அப்படியானால் மாலை மூட்டைக்குக் கூலியை உயர்த்தினால் போதுமா? போதாது என்பது என் கருத்து. பிரயாசை உணர்வு தசையின் கணக்கை மட்டுமே சொல்கிறது. சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிய சுமை, கையில் தூக்கியதைவிட இலகுவாகத் தோன்றும். பாரத்தில் பெரும்பங்கு நேரே கழுத்தெலும்பின் வழி இறங்குவதே காரணம். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் உட்பகுதியிலோ நரம்பு முனைகள் இல்லை. அங்கு நேரும் தேய்மானம் நெடுங்காலம் வலியின்றியே நடக்கலாம். கூலி கூடினால் இன்னும் பத்து மூட்டை தூக்கத்தான் தோன்றும்.

ஆகவே எடைக்கே வரம்பு வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. வயதுவந்த ஆணுக்கு உச்ச வரம்பு 55 கிலோ என்பது அதனுடன் வந்த பரிந்துரை. இந்தியா அந்த உடன்படிக்கையை 2010-இல் ஏற்றது. நம் 50 கிலோ மூட்டை அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு எத்தனை முறை என்ற கேள்விதான் வெளியே நிற்கிறது. பிரிட்டனில் சிமென்ட் பெரும்பாலும் 25 கிலோ பையில் விற்பனையாகிறது. இங்கும் அவ்வாறு அடைத்தால் கூடும் செலவை உற்பத்தியாளர், வணிகர், வீடு கட்டுவோர் ஆகிய மூவரில் யார் ஏற்பது என்பதைக் கணக்கிடுவது ஒன்றும் கடினமல்ல.