பெட்டிக்குள் 60 வயலின்!

தந்தி இல்லை. வில் இல்லை. வாசிக்க ஆளும் இல்லை. ஆனால் வயலின் கேட்கிறது. ஒன்று அல்ல, அறுபது வயலின்!

இந்த வித்தை இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒன்று, பியானோ போன்ற கட்டைப் பலகை ஒன்று, காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று. இவ்வளவுதான் தேவை.

திருப்பூரில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். பகலில் ஒன்றரை ஷிப்ட் வேலை. இரவில் பாட்டுப் பைத்தியம். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஒரு பாட்டு அமைக்கிறார். பாட்டுக்குப் பின்னால் வயலின் கூட்டம் முழங்க வேண்டும். வயலின்காரர்களை அழைக்கக் கையில் பணம் இல்லை. அழைத்தாலும் எங்கே உட்கார வைப்பது? பக்கத்துச் சந்தில் நிட்டிங் எந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. மைக்கை வைத்தால் அந்த இரைச்சல்தான் முதலில் பதிவாகும்!

ஆகவே கம்ப்யூட்டர் வயலினை எடுக்கிறார். கட்டையை அழுத்துகிறார். அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"என்ன கண்ணு, ஆர்மோனியமா வாசிக்கறே?"

வாலிபர் முகம் வாடிவிட்டது. உள்ளே இருப்பது நிஜமான வயலின் ஒலிதான். பிறகு ஏன் ஆர்மோனியம் போலக் கேட்கிறது?

குதிரை வால் செய்யும் வேலை

வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. அதில் ரோசின் என்ற பிசினைத் தேய்ப்பார்கள். பிசின் பட்ட முடி, தந்தியைப் பிடித்து இழுக்கும். தந்தி நழுவும். மறுபடி பிடிக்கும். மறுபடி நழுவும். வயலினின் ஒரு தந்தியில் இந்தப் பிடியும் நழுவலும் ஒரு நொடிக்கு 440 தடவை நடக்கிறது! 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கண்டு சொல்லிவிட்டார்.

வாசிப்பவர் வில்லைக் கொஞ்சம் அழுத்தினால் ஒலி மாறும். வேகமாக இழுத்தால் மாறும். ஒரே சுரத்தை அவர் நீட்டும்போதுகூட, அந்தச் சுரம் பிறந்து, வளர்ந்து, அடங்குகிறது. கம்ப்யூட்டர் கட்டையோ ஒரு தடவை அழுத்தியதோடு சரி. அதற்குமேல் விரலுக்கு அங்கே வேலை இல்லை. குறை இங்கேதான்.

எட்டு நொடி நாடா

பெட்டிக்குள் வயலினை அடைக்கும் ஆசை புதிது அல்ல. 1963-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் மெல்லோட்ரான் என்ற கருவியைச் செய்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஓர் ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், பதிவு செய்த ஒலி கேட்கும். சுமார் எட்டு நொடிதான். அதற்குள் நாடா தீர்ந்துவிடும்!

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வியன்னாவில் ஹெர்ப் டுக்மண்டல் என்ற செல்லோ கலைஞர், 2000-ம் ஆண்டில் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஒரு சத்தமும் புகாத கூடம் கட்டி, சுரம் சுரமாகப் பதிவு செய்தார்கள். மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை, வெட்டி வெட்டி ஒரு தடவை, இழைத்து ஒரு தடவை. 2019-ம் ஆண்டில் லண்டன் பி.பி.சி. இசைக்குழுவின் ஒலியே இப்படி விற்பனைக்கு வந்தது. அதன் சிறிய பதிப்பை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதன் கதை கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் தொடங்குகிறது. ஏ.ஆர்.ரகுமான் 1989-ம் ஆண்டில் தன் வீட்டோடு சேர்ந்து "பஞ்சதன்" என்ற ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். சிறு வயதில் தந்தையை இழந்தவர். தந்தை விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்த காலமும் உண்டு. அந்த வீட்டுக் கூடத்தில் உருவான "ரோஜா" படம் 1992-ல் வந்தது. முதல் படத்திலேயே தேசிய விருது! வீட்டில் உட்கார்ந்து பாட்டு அமைக்கலாம் என்ற தைரியம் பல இளைஞர்களுக்கு அதன் பிறகுதான் பிறந்தது.

ஒரே மாதிரி இருந்தால் தப்பு!

பனியன் தொழிலில் பத்தாயிரம் பீசும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பீசில் தையல் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயலின் விஷயம் நேர் எதிர். இரண்டு சுரம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாலே காது கண்டுபிடித்துவிடும், "இது எந்திரம்!" என்று.

அதனால் நல்ல ஒலித்தொகுப்புகளில் ஒரே சுரத்தைப் பல தடவை வாசித்துப் பதிந்திருப்பார்கள். கட்டையை அழுத்தும்போதெல்லாம் வேறு வேறு பதிவு மாறி மாறி வரும். மீதி வேலை, அமைப்பவர் கையில்.

கட்டைப் பலகையின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். கம்ப்யூட்டர் அதற்கு 0 முதல் 127 வரை அளவு வைத்திருக்கிறது. நீண்ட சுரம் ஒலிக்கும்போது இடது கையால் அந்தச் சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்க வேண்டும். வில்லின் வேலையை இப்போது சக்கரம் செய்கிறது. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்தால் போதும். பாதி ஆர்மோனியம் ஓடிவிடும்!

பத்து விரலையும் ஒரே நேரத்தில் வைத்து அமுக்குவது அடுத்த தப்பு. வயலின் கூட்டத்தில் அப்படி யாரும் வாசிப்பதில்லை. முதல் வயலின் ஒரு வழி போகும், இரண்டாம் வயலின் ஒரு வழி போகும். வயோலா, செல்லோ, டபுள் பாஸ் தனித்தனி வழி. ஒவ்வொன்றையும் தனியாக வாசித்துச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் முன்பின்னாக விழுந்தால் விழட்டும். கம்ப்யூட்டர் அதை நேர்ப்படுத்த வரும். விடக்கூடாது!

வில்லுக்கும் ஒரு நீளம் உண்டு. முனைக்கு வந்ததும் திரும்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் வயலினை முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனால், கேட்பவருக்கே மூச்சு முட்டும்.

கமகத்துக்கு என்ன வழி?

ஒரு சங்கடம். இந்த ஒலியெல்லாம் மேல்நாட்டுக் கலைஞர்கள் வாசித்தது. சுரத்தில் நேராக நிற்கும். நம் சங்கீதத்திலோ சுரம் அசைய வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் 200 ஆண்டுகளுக்கு முன்பு மேல்நாட்டு வயலினைக் கற்று, அதை நம் ராகத்துக்குப் பழக்கினார். கம்ப்யூட்டர் வயலினை அப்படிப் பழக்க, சுருதியை வளைக்கும் இன்னொரு சக்கரம் இருக்கிறது. தோடி ராகத்துக் காந்தாரத்தை அதில் அசைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை எவ்வளவு வலிக்கும் என்று!

தம்புரா மட்டும் முன்பே பெட்டிக்குள் போய்விட்டது. பெங்களூர் ஜி.ராஜ் நாராயண், புல்லாங்குழல் கலைஞர், எஞ்சினீயரும்கூட. 1979-ல் எலக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்தார். நிஜத் தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலை வைப்பார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். நூல் சரியான இடத்தில் நின்றால்தான் தம்புரா ரீங்கரிக்கும். தம்புராக் குதிரையின் அதிசயத்தை விளக்கி சர் சி.வி.ராமன் 1921-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

வாசித்தவர்கள் கதி?

பழைய நாளில் ஒரு சினிமாப் பாட்டு என்றால் ஒலிப்பதிவுக்கூடம் நிறைய வயலின்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தபின் அந்த நாற்காலிகள் குறைந்துவிட்டன. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால் மனிதர் வாசிப்பதற்கு மவுசு போய்விடவும் இல்லை. இளையராஜா தன் சிம்பொனியை 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் அரங்கேற்றியபோது, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவே மேடையில் வாசித்தது. பெட்டி இசையால் புகழ்பெற்ற ரகுமானும், 2008-ல் சென்னையில் இசைப்பள்ளி தொடங்கி, ஏழைக் குழந்தைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார்.

வீட்டில் பாட்டு அமைப்பவர்கள் ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். அறுபது வயலின் பெட்டியிலிருந்து வரட்டும். அதன்மேல் ஒரே ஒரு நிஜ வயலினைப் பதிவு செய்து சேர்ப்பது. காது முன்னால் நிற்கும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருப்பதும் அதே ஜாதி என்று நம்பிவிடும்! செலவு, ஒரு கலைஞருக்கு ஒரு மணி நேரக் கூலி. சனிக்கிழமைச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தால் முடியும்.

திருப்பூரில் அதற்கு ஏற்ற நேரம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சந்தில் எந்திரங்கள் நின்றிருக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மைக்கை வைக்க வேண்டியதுதான்.